காணாதது எப்போது இல்லாதது?

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் போலத் திரும்பத் திரும்பப் படமெடுக்கப்பட்ட வான்பொருள்கள் அதிகம் இல்லை. 1888-ல் ஐசக் ராபர்ட்ஸ் என்ற அமெச்சூர் வானியலாளர் இங்கிலாந்தில் அதன் சுருள் வடிவைக் கண்ணாடித் தகட்டில் பிடித்தார். 1923-ல் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சனில் எடுத்த தகடுதான், அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி உலகம் என்பதற்கு வழி திறந்தது. அதன்பின் பூமியிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் எண்ணற்ற கருவிகள் அதைப் பார்த்துவிட்டன. மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு அது பாலபாடம். இத்தனை பேர் துருவிய இடத்தில் இனிப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2023 ஜனவரியில் யான் சேன்டி, மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்ற ஐரோப்பிய அமெச்சூர்கள் ராபர்ட் ஃபெசன் முதலிய வானியலாளர்களோடு சேர்ந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள். கேலக்ஸியின் மையத்துக்குச் சற்றுத் தென்கிழக்கே, மூன்று முழுநிலாக்களை வரிசையாக வைத்த நீளத்துக்கு, ஆக்சிஜன் வாயு ஒரு வில்லாக ஒளிர்கிறது என்பதே அது. அதைப் பிடித்தது பத்து சென்டிமீட்டர் அளவு விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கி. கூடவே ஒரு நேரோபேண்ட் ஃபில்டர், நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்போஷர்.

அந்த வில் நேற்று முளைத்ததல்ல. ராபர்ட்ஸ் தன் தகட்டைக் கழுவிப் பார்த்த இரவிலும் அது அங்கேதான் இருந்தது. அப்படியானால் நூற்று முப்பது ஆண்டுகளாக யாரும் அதைக் காணவில்லை என்ற செய்திக்கு என்ன மதிப்பு? ‘இத்தனை பேர் பார்த்தும் தெரியவில்லை, ஆகவே இல்லை’ என்று இடையில் ஒருவர் சொல்லியிருந்தால் அவர் சறுக்கிய இடம் எது? இது வானியலோடு நிற்கும் கேள்வி இல்லை. கடவுள், உயிர், மறுபிறவி என்று எதை எடுத்தாலும் விவாதம் கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது. ஒருவர் ‘எங்கே, காட்டு பார்க்கலாம்’ என்கிறார். மற்றவர் ‘கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா’ என்கிறார். தன் வாக்கியத்தோடு வழக்கு முடிந்துவிட்டதாக இருவரும் எழுந்து போகிறார்கள். காணாமையும் ஒரு சான்றுதான் என்பது என் கட்சி. ஆனால், இருந்திருந்தால் இந்தத் தேடலில் சிக்கியிருக்கும் என்று முன்னதாகக் காட்ட முடிந்தால்தான் அது சான்றாகும். இந்த நிபந்தனை நாத்திகரின் அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆத்திகர் வழக்கமாக ஒதுங்கும் நிழலையும் எடுத்துவிடுகிறது. நெபுலாக்களைப் படமெடுப்பவர்கள் இதைத் தத்துவமாக அன்றி அன்றாட வேலையாகவே கடைப்பிடிக்கிறார்கள் என்பதால் அவர்களிடமிருந்து தொடங்குவது வசதி.

ஒளிரும் நெபுலாவில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். பக்கத்திலுள்ள கொதிக்கும் விண்மீன்களின் புறஊதா ஒளி அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகிறது; அவை திரும்பிச் சேரும்போது ஒளி பிறக்கிறது. அந்த ஒளி வானவில்லாகப் பரவுவதில்லை, சில கோடுகளில் குவிந்துவிடுகிறது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் இருக்கிறது. இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் 500.7-ல் ஒளிர்கிறது. ஓர் எலெக்ட்ரான் இழந்த கந்தகம் 672-ஐ ஒட்டி இரட்டைக் கோடாக நிற்கிறது. நேரோபேண்ட் ஃபில்டர் இவற்றில் ஒன்றைச் சுற்றி மூன்று முதல் ஏழு நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அகலம் முந்நூறு நானோமீட்டருக்கும் மேல் என்பதால், மூன்று நானோமீட்டர் ஃபில்டர் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்று சொல்லலாம். தெருவிளக்கு, நிலவு, பக்கத்து வீட்டு எல்இடி எல்லாம் அநேகமாக வெளியே நின்றுவிடும். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விண்மீன்கள் தெரியும் சென்னை வானத்திலிருந்தும் ரோசெட் நெபுலாவின் இழைகளைப் படத்தில் கொண்டுவர முடிவது இதனால்தான். (ஒரே கோட்டில் பார்க்கும் உத்தி தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கொடைக்கானல் ஆய்வகம் கால்சியத்தின் கோடு ஒன்றில் சூரியனைப் பதிவு செய்துவந்திருக்கிறது.)

உள்ள பொருள் ஏன் புலப்படாமல் போகிறது என்பதற்கு ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை எட்டுக் காரணங்களை அடுக்குகிறது: மிகு தொலைவு, மிகு அண்மை, புலன் பழுது, மனம் ஒரு நிலையில் நில்லாமை, நுண்மை, இடையே மறைப்பு, வலியது ஒன்றால் அமுக்கப்படுதல், தன்னைப் போன்றவற்றோடு கலந்துவிடுதல். ஏழாவதற்குப் பகல்நேரத்து விண்மீனையும் எட்டாவதற்குப் பயறுக் குவியலில் போட்ட பயறையும் உரைகாரர்கள் காட்டுவார்கள். தொலைவையும் நுண்மையையும் தொலைநோக்கியும் நீண்ட எக்ஸ்போஷரும் பார்த்துக்கொள்கின்றன. கடைசி இரண்டும் ஃபில்டரின் பொறுப்பு. நகரத்து வானத்தில் நெபுலாவின் ஒளி கேமராவுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. வேண்டாத ஒளி அதைவிடப் பல மடங்கு வருவதால் இரண்டும் கலந்து வேறு பிரிக்க முடியாமல் போகிறது. காரிகை ஆசிரியருக்கு இந்தப் பட்டியல் தேவைப்பட்டது, உலகப் பொருள்களுக்கெல்லாம் மூலம் என்று சாங்கியம் சொல்லும் மூலப்பிரகிருதியை நிறுவுவதற்காக: அது நுண்மையால் தெரியவில்லையே தவிர இல்லாததால் அன்று, காரியங்களைக் கொண்டு அதை அறியலாம் என்று அடுத்து வாதிடுகிறார். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. பட்டியல் மட்டும் இன்றைக்கும் குறைசொல்ல முடியாதபடி இருக்கிறது.

தடையை நீக்கிவிட்டேன் என்று சொல்வது எளிது. நீங்கிவிட்டதா என்று சோதிப்பதில்தான் வேலை இருக்கிறது. கேமராவை மைனஸ் பத்து டிகிரிக்குக் குளிர்வித்து, ஐந்து ஐந்து நிமிடப் படங்களாக இரவு இரவாக எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நூறு படம் அடுக்கினால் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் பத்து மடங்கு உயரும். இதோடு வெளியாளுக்கு வேடிக்கையாகத் தோன்றும் இன்னும் இரண்டு வரிசைப் படங்கள் உண்டு. தொலைநோக்கியை மூடி போட்டு மூடிவிட்டு, அதே வெப்பநிலையில் அதே ஐந்து நிமிடத்துக்கு எடுப்பது டார்க் ஃபிரேம். சீராக ஒளியூட்டிய வெண்பரப்பை எடுப்பது ஃபிளாட். எதுவுமே இல்லாதபோது இந்தக் கருவி தானாக எதைக் காட்டும் என்று டார்க் சொல்லும். எங்கும் ஒரே அளவு இருக்கும்போது இது எந்த மூலையில் குறைத்துக் காட்டும், எந்தத் தூசு எங்கே நிழல் வீழ்த்தும் என்பது ஃபிளாட்டில் தெரியும். இன்மையைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய தருக்க நூலார்கூட இதைவிடக் கறாரான ஏற்பாட்டைக் கேட்டிருக்க முடியாது. இத்தனைக்கும் பிறகு ‘இங்கே ஆக்சிஜன் ஒளி இல்லை’ என்று ஒருவர் சொன்னால், இன்ன அளவுக்கு மேல் பிரகாசமான ஆக்சிஜன் ஒளி இல்லை என்பதுதான் அதன் பொருள். வரம்பில்லாத ‘இல்லை’யைத் தரும் கேமரா எதுவும் கிடையாது. ஆண்ட்ரோமீடாவின் வில் அத்தனை காலம் தப்பித்ததும் இந்த வரம்பில்தான். பெரிய தொலைநோக்கிகளின் பார்வைப் பரப்பு குறுகியது. அகலப் பார்வை உள்ளவையோ அந்த இடத்தில் ஆக்சிஜனின் கோட்டில் இத்தனை மணி நேரம் நின்றதில்லை.

காணாமையை இன்மையாகப் படித்த கதைகள் வானியலில் ஏராளம். 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகத்தின் பக்கம் விண்மீன்களே அற்ற ஒரு கருந்திட்டைப் பார்த்து, வானத்தில் ஓட்டை விழுந்திருப்பதாக வியந்தார் என்று அவர் தங்கை கரோலின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பால்வெளியைப் படமெடுப்பதில் தேர்ந்த எட்வர்ட் எமர்சன் பார்னார்டும் இவை வெற்றிடங்களா, மறைக்கும் பொருள்களா என்று நெடுங்காலம் தயங்கினார். 1919-ல் 182 கருந்திட்டுகளின் பட்டியலை வெளியிட்டபோது அவர் மனம் இரண்டாவது பக்கம் சாய்ந்திருந்தது. 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர் விண்மீன்களுக்கு இடையே ஒளியை விழுங்கும் தூசு இருப்பதை அளந்தே காட்டினார். ஓரியனில் உள்ள குதிரைத்தலை நெபுலா இந்த வகை. 1888-ல் எடுத்த ஹார்வர்ட் தகட்டில் அதை முதலில் கவனித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். ஹைட்ரஜன்-ஆல்ஃபா படத்தில் பின்புலம் தகதகக்க, தலை மட்டும் கன்னங்கரேலென்று நிற்கும். ஒன்றுமில்லாத பள்ளம் போலத் தெரியும் அந்த இடத்தில்தான் சுற்றுப்புறத்தைவிடப் பொருள் செறிந்திருக்கிறது.

இதைவிட நுட்பமான சறுக்கல் ஒன்றும் உண்டு. 1864-ல் வில்லியம் ஹகின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்தபோது பச்சைப் பகுதியில் பளிச்சென்ற கோடு ஒன்று தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. ஆகவே பூமியில் இல்லாத புதுத் தனிமம் என்று முடிவுகட்டி, அதற்கு நெபுலியம் என்று பெயரும் சூட்டினார்கள். 1927-ல் ஐரா போவன் அது வேறொன்றுமில்லை, இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்தான் என்று நிறுவினார். அந்த ஒளியை உமிழ ஆக்சிஜன் அயனி சராசரியாக அரை நிமிடமாவது யாரோடும் மோதாமல் தனித்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்து வாயுவில் அதற்கு வாய்ப்பே இல்லை; நெபுலாவின் நம்பமுடியாத வெறுமையில் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கோட்டைக் காணாதது உண்மை. அந்தக் கூடம் அதைக் காட்டும் தகுதியுடையது என்ற நினைப்புதான் பிழை. இதையே மறுபுறமாகத் திருப்பினால் தருக்க நூல்களின் பழைய இரும்புக் குண்டு கிடைக்கிறது. புகை கண்ட இடத்தில் தீ உண்டு என்பது சரி. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ இருந்தும் புகை இல்லை. ஆகவே புகையின்மை தீயின்மைக்கு அடையாளம் ஆகாது. ஆக்சிஜன் ஃபில்டரில் இருண்டு கிடக்கும் இடத்தில் ஆக்சிஜன் நிறையவே இருக்கலாம். இரண்டு எலெக்ட்ரானைப் பறிக்கும் அளவுக்குச் சூடான விண்மீன் பக்கத்தில் இல்லாமலிருக்கலாம்.

இந்தத் தகுதி என்ற நிபந்தனையை நம் நாட்டுத் தருக்கம் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி எண்ணிச் சொல்லும் பத்து அளவைகளில், அதாவது அறிவைப் பெறும் வழிகளில், இன்மையைக் குறிக்கும் அபாவமும் ஒன்று. குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகர்களும் அத்வைதிகளும் காணாமையைத் தனி அளவையாகவே ஏற்றார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையில் அதற்கு வரம்பு கட்டுகிறார். நல்ல வெளிச்சத்தில், தரையில் குடம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. இருட்டில் குடம் தெரியாததை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. இதற்குப் பல நூற்றாண்டு முன்பே பௌத்தரான தர்மகீர்த்தி, காணத்தக்கதன் காணாமையே இன்மையை நிறுவும் என்றும், பிசாசு போல இயல்பிலேயே கண்ணுக்கு எட்டாததைக் காணவில்லை என்பதிலிருந்து ஐயம் மட்டுமே கிடைக்கும் என்றும் பிரித்துக் காட்டினார். உலகைப் படைத்த ஈசுவரனை மறுத்து எழுதியவர் அவர். அவரும் வேதாந்தியும் இந்த ஒரு நிபந்தனையில் கைகோப்பது, அது கட்சிக்காகச் செய்யப்பட்ட விதி இல்லை என்பதற்கு அடையாளம். ககாரின் 1961-ல் விண்ணுக்குப் போனார், கடவுளைக் காணவில்லை என்ற பேச்சு சோவியத் பிரசாரத்தில் புழங்கியது. எங்கும் நிறைந்தவன், உருவற்றவன் என்று சொல்லும் இறையியலை அது தொடவே இல்லை. ஆனால் மேகத்துக்கு மேலே பொன்மாளிகையும் சிம்மாசனமும் இருப்பதாக எழுத்துக்கு எழுத்து நம்பியவருக்கு ககாரினின் காணாமை முறையான மறுப்பு. அங்கே போய்ப் பார்த்தவர், இருந்திருந்தால் கண்டிருப்பார்.

இதற்கு எதிராக வரும் வலுவான ஆட்சேபம் முயற்கொம்பு. காணத்தகாததைக் காணாமை மறுக்காது என்றால், முயலுக்குக் கொம்பு உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத வகை என்று சொல்லி எவரும் தப்பித்துக்கொள்ளலாமே? எந்தக் கட்டுக்கதைக்கும் இந்தக் கதவு திறந்துவிடாதா? 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த நியாய ஆசிரியர் உதயனர், கடவுளை நிறுவ எழுதிய நியாய குசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியை இந்த வாதத்தோடுதான் திறக்கிறார். கொம்பு என்பது இயல்பிலேயே காணத்தக்க பொருள். ஆகவே அதன் காணாமை அதை மறுத்துவிடும். காணத்தகாத ஈசுவரனுக்கு அந்த ஒப்புமை செல்லாது என்பது அவர் விடை. விடை சரிதான். ஆனால் அது எவ்வளவு குறைவாகத் தருகிறது என்பதை உதயனரே அறிந்திருந்தார். மறுக்க முடியாது என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. உலகம் ஒரு காரியம் என்பதில் தொடங்கித் தனியான அனுமானங்களை ஐந்தாம் பகுதியில் அடுக்கினார். அந்த அனுமானங்கள் நிற்குமா என்பது வேறு வழக்கு. ‘இல்லையென்று நிரூபிக்க முடியாது’ என்பதையே உண்டு என்பதற்குரிய சான்றுபோல மேடையில் முழங்கும் இன்றைய பக்தர்களுக்கு உதயனரின் அந்த நேர்மை பாதிகூட வாய்க்கவில்லை. ஆக்சிஜன் வில்லை உலகம் ஏற்றது, யாரும் அதை மறுக்க முடியவில்லை என்பதால் அன்று. பளிச்சென்ற விண்மீன்களின் ஒளி ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் இடையே எதிரொளித்துப் பொய்யான வளையங்களைப் படத்தில் வரைவது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. இதுவும் அப்படியொன்றோ என்ற சந்தேகம், வேறு தொலைநோக்கிகளிலும் அது பதிந்த பிறகுதான் தீர்ந்தது. தீர்ந்த பிறகும், அது ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்திலா, அதற்கு வெகு முன்னால் நம் பால்வெளிக்குள்ளேயா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே தொடர்ந்தது. இருக்கிறது என்று தெரிவது, என்னவென்று தெரிவதாகிவிடாது.

இன்னொரு ஆட்சேபம் படங்களின்மேலேயே வைக்கப்படும். நேரோபேண்ட் படங்களின் நிறம் கையால் ஏற்றியது. 1995-ல் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹபிள் தொலைநோக்கியில் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் உலகப் புகழ் பெற்றன. அதில் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்திருந்தார்கள். கண்ணளவில் கந்தகமும் ஹைட்ரஜனும் சிவப்புதான்; விண்கலத்தில் ஏறிப் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் அந்தப் பொன்னும் மயில்நீலமும் தெரியாது. இப்படிப் புனைந்ததைச் சான்றாக்கி உண்டு இல்லை என்று பேசலாமா? பேசலாம் என்றே நினைக்கிறேன். இன்ன நிறம் இன்ன கோடு என்ற உடன்படிக்கை படத்தோடு சேர்த்தே வெளியிடப்படுகிறது. நிறத்தை மாற்றினாலும் எந்த இடத்தில் எந்தக் கோட்டின் ஒளி எவ்வளவு என்ற பதிவு மாறுவதில்லை. இப்பியை வெள்ளியென்று கொள்வதைத் திரிவுக் காட்சி என்பார்கள். நிறவிதி தெரிந்து பார்ப்பவர் எதையும் வேறொன்றாகக் கொள்ளவில்லை. என் கவலை வேறு இடத்தில். மற்ற படங்களிலிருந்து கற்றதை வைத்து இரைச்சலைத் துடைத்து இழைகளைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. சுவரில் மாட்ட அவை நல்லவை. ஆனால் ஒரு மெல்லிய இழை வானத்திலிருந்து வந்ததா, மென்பொருளின் பழக்கத்திலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாத படம் எதற்கும் சாட்சி சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறது. அதில் தெரிவதையும் நம்புவதற்கில்லை, தெரியாததையும் நம்புவதற்கில்லை.

வாயுவையும் கடவுளையும் ஒரே தட்டில் வைப்பதா என்று சமயவாதி கேட்பார். கேள்வி நியாயமானது, கடவுள் எந்த அலைநீளத்திலும் ஒளிரும் பொருள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இவ்வளவு நேரமும் பேசியது காணாமையிலிருந்து இன்மைக்குத் தாவும் அடியைப் பற்றி மட்டுமே. ஆனால் சமயமே ஒரு காட்சியை வாக்களிக்கும்போது இந்த விலக்கு போய்விடுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சியை வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுக்கிறார். புலன் அடங்கி மனம் தெளிந்தவருக்கு மற்றவர்க்குப் புலப்படாதது புலப்படும் என்பது வடிவத்தில் ஃபில்டரின் வாதமேதான்: வேண்டாததைத் தடு, அமுங்கிக் கிடந்தது தெரியும். இதை எடுத்த எடுப்பில் தள்ள எனக்கு வழியில்லை. ஆண்ட்ரோமீடாவின் வில் அதற்குத் தடையாக நிற்கிறது. கேட்க வேண்டியது, நிபந்தனை முன்கூட்டியே சொல்லப்படுகிறதா என்பதுதான். மூன்று நானோமீட்டர், நூறு மணி நேரம், இன்ன அளவு பிரகாசம் என்று படமெடுப்பவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதன்பின் சிக்காவிட்டால் தோல்வி அவர் கணக்கில் ஏறுகிறது. நாற்பதாண்டு சாதனைக்குப் பின்னும் ஒன்றும் காணாதவரிடம் ‘உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை’ என்றால், அந்தப் பக்குவத்துக்குக் காட்சியைத் தவிர வேறு அடையாளம் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்கலாம். இல்லையென்றால் எவருடைய காணாமையும் என்றைக்கும் கணக்கில் வராது. கண்டவர் சொல் மட்டுமே சபையேறும். வேதத்தை முழுக்க ஒப்பிய குமாரிலரே யோகக் காட்சியை அளவையாக ஏற்க மறுத்தார் என்பது இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. யோகியின் தரப்பு தர வேண்டிய ஆவணம் ஒன்று பாக்கியிருக்கிறது. எதுவுமே இல்லாதபோதும் அடங்கிய மனம் தானாக எதையெல்லாம் காட்டும் என்ற பதிவு அது. மூடி போட்டு எடுத்த படம் போன்றது. சமய மரபுகளில் அது அறவே இல்லையென்றும் சொல்ல முடியாது. தியானிப்பவருக்குத் தோன்றும் ஒளி முதலான பத்தைக் கண்டு ஞானம் கிடைத்துவிட்டதாக ஏமாற வேண்டாம் என்று புத்தகோசரின் விசுத்திமக்கம் பட்டியல் போட்டே எச்சரிக்கிறது. யோகக் காட்சியைச் சான்றாக முன்வைக்கும் எந்த மரபிடமும் அதுபோன்ற ஒரு பட்டியலைக் கேட்பது நிந்தனை ஆகாது.